நாக்கில் ஒரு கோடு

குதிரைக்கு முன்னால் நின்றால் கடிக்கும், பின்னால் நின்றால் உதைக்கும், பக்கத்தில் நின்றால் காலை மிதிக்கும். ஆகவே குதிரை இருக்கும் தெருவிலேயே நிற்கக் கூடாது என்பது கொழுந்தனின் கொள்கை. அப்பேர்ப்பட்டவன் இப்போது ஒரு லாயத்துக்குள், கறுப்புக் குதிரை ஒன்றின் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். கை நடுங்கிய நடுக்கத்தில் வெளிச்சம் சுவருக்குப் போனது, கூரைக்குப் போனது, அண்ணியின் காதுக்குப் போனது. குதிரையின் வாய்க்கு மட்டும் போகவில்லை.

“தம்பி, நான் பாக்க வேண்டியது அதோட நாக்கை. என் கம்மலை இல்ல.”

“அது வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு இடது பக்கம் மாரு வலிக்குது அண்ணி.”

“கையைக் கிட்ட கொண்டா.”

“கை வரும். நான் வரமாட்டேன்.”

அண்ணி என்றால் நிஜமாகவே அண்ணன் பெண்டாட்டிதான். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். பரீட்சை ஹாலில் பிட் அடிக்கிறவர்களைப் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தப் பேரை வைத்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். எந்த வேலையிலும் ஒரு மழைக்காலம் தாண்டாத கொழுந்தனை, “வீட்ல உக்காந்து ஃப்ரிட்ஜைக் காலி பண்றதுக்கு இங்க வந்து உக்காரு” என்று உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டாள். அவனும் உட்கார்ந்தான். குதிரை வரும் என்று யார் கண்டது?

குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த பெண்தான் அவர்களைக் கூப்பிட்டிருந்தாள். பளபளக்கும் பூட்ஸ், வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் கோட்டு எல்லாம் போட்டுப் போட்டிக்குத் தயாராக நின்றாள். முகம் மட்டும் தயாராக இல்லை. போன போட்டியில் இந்த மிளகு என்கிற குதிரை அவளுடைய அக்காவைத் தூக்கி எறிந்தது. அக்கா இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. இன்றைக்கு அதே குதிரையில், அதே மைதானத்தில், இன்னும் கொஞ்ச நேரத்தில் தங்கை ஏற வேண்டும்.

“வேணாம்னு விட்டுடலாமே தங்கச்சி?” என்றான் கொழுந்தன்.

“விட்டுட்டா இவளுக்கு ஊசி போட்டுக் கொன்னுடுவாங்க அண்ணா. கமிட்டில சொல்லிட்டாங்க. இன்னிக்கு ஒழுங்கா ஓடினா பொழைச்சா. இல்லேன்னா ஆளைக் கொல்ற குதிரைன்னு முடிச்சுடுவாங்க.” அவள் குதிரையின் நெற்றியைத் தடவினாள். “எங்க அக்கா இவளைக் குட்டியிலேர்ந்து வளர்த்தா. இவ தள்ளமாட்டா. யாரோ தள்ள வச்சிருக்காங்க.”

“பாத்துட்டேன்,” என்றாள் அண்ணி.

குதிரையின் நாக்கை ஓரமாக ஒதுக்கிப் பிடித்திருந்தாள். ரோஜா நிற நாக்கில் குறுக்கே ஒரு வெளுத்த கோடு. ஆறிப்போன வெட்டு. கத்தியால் கிழித்த மாதிரி நேராக இருந்தது.

தங்கை எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் தன் வாயையே பொத்திக்கொண்டாள்.

“உங்க அக்கா போட்ட பிட்டு இப்படி வெட்டுமா?” என்று கேட்டாள் அண்ணி.

“சத்தியமா வெட்டாது மேடம்!”

கொழுந்தனுக்குப் புரிய வேண்டுமே என்று தங்கை விளக்கினாள். குதிரையை அலுங்காமல் குலுங்காமல், நடனம் போல நடத்திக் காட்டும் போட்டிக்கு டிரெஸ்ஸாஜ் என்று பேர். குதிரையின் வாய்க்குள் போகும் இரும்புக்குப் பிட்டு என்று பேர். அதன் இரண்டு முனையிலும் வளையம், வளையத்தில் லகான்.

“டிரெஸ்ஸாஜ்ல எல்லா பிட்டும் போட முடியாது. வழவழன்னு இருக்கணும். முறுக்குக் கம்பி ஆகாது, ரொம்ப மெலிசு ஆகாது, விளிம்பு இருக்கவே கூடாது. நாங்க போடறதுல நடுவுல பருப்பு மாதிரி ஒரு உருண்டைத் துண்டு இருக்கும். நாக்குல சும்மா படுத்துக்கும். அதே மாதிரியே இன்னொண்ணு உண்டு. பருப்புக்குப் பதிலா ஒரு தகடு, சாய்வா நிக்கும். லகானை இழுத்தா தகட்டு விளிம்பு நாக்குல இறங்கும். அது தடை.”

“வெளியிலேர்ந்து பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுமா?”

“தெரியாது மேடம். வாய்க்குள்ள போயிட்டா வளையம் மட்டும்தான் தெரியும்.”

“எனக்குத் தெரிஞ்ச ஒரே பிட்டு சட்டைக் கையில மடிச்சு வச்சதுதான்,” என்றான் கொழுந்தன். “அதையும் இவங்கதான் பிடிச்சாங்க. என்னை மன்னிக்கச் சொல்லிக் கெஞ்ச எங்க அண்ணன் ஸ்கூலுக்குப் போனான். போனவன் இவங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தான். என் மார்க் மட்டும் திரும்பி வரவே இல்ல.”

தங்கைக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வருவதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அக்கா விழுந்ததை நான் வேலிகிட்ட நின்னு பாத்தேன்,” என்றாள். “மைதானத்துக்குள்ள வந்ததும் நடுவுல நிறுத்தி நடுவருக்கு வணக்கம் சொல்லணும். நிறுத்தறதுக்காக லகானை இழுத்தா. அவ்வளவுதான். இவ அப்படியே பின்னங்கால்ல எழுந்து நின்னா. அக்கா கீழ, இவ மேல.”

“உன் கடிவாளம் எங்க இருக்கு இப்போ?”

“காலைல நீங்க சொன்ன மாதிரியே பண்ணிட்டேன். கோச் கையிலகூடக் குடுக்கலை. பிட்டு செக் பண்ற பரிசோதகர் மேடத்து மேஜையிலயே இருக்கு.”

“நல்லது. ஏறப்போற நேரம் வரைக்கும் அங்கயே இருக்கட்டும்,” என்றாள் அண்ணி. “பயப்படாதே. அதைத் தவிர பத்திரமான இடம் இங்க கிடையாது.”

அந்தப் பெண் அதை அப்படியே நம்பினாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம்கூட வந்தது.

சேணம் வைக்கும் அறையில் தோல் வாடையும் மெழுகு வாடையும் தூக்கலாக அடித்தன. வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு கடிவாளம். அக்காவின் ஆணியில் அவளுடைய கடிவாளம், அவள் விழுந்த நாளில் தொங்கவிட்டபடியே தொங்கியது. அவள் எழுந்து வரும்வரை யாரும் தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். சிவப்பு நூல் ஒன்று அதில் கட்டியிருந்தது.

அண்ணி பிட்டை விரலால் நெருடினாள். வழவழ. நடுவில் பருப்பு. ஒரு விளிம்பு இல்லை, ஒரு குறை இல்லை.

“போச்சு. இது உத்தமமான பிட்டு,” என்றான் கொழுந்தன். “அப்போ நாக்கை வெட்டினது யாரு, பல் டாக்டரா?”

“விழுந்தப்போ வாயில இருந்தது வேற. அப்புறமா யாரோ இதைத் திரும்ப மாட்டியிருக்காங்க. பிட் அடிக்கிறவன் எப்போ மாட்டுவான்னு சொல்லு பாப்போம்.”

“நான் கொட்டாவி விட்டப்போ மாட்டினேன்.”

“எழுதும்போது மாட்டமாட்டான். எழுதி முடிச்சதும் துண்டை எங்க ஒழிக்கறதுன்னு முழிப்பான் பாரு, அப்பதான் மாட்டுவான். அங்கதான் அவசரம். அவசரத்துல எதையாவது கோணலாப் பண்ணியிருப்பான்.”

“அதைத் தொடாதீங்க!”

வாசலை அடைத்துக்கொண்டு கோச் நின்றார். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மைக் இல்லாமல் பேசும் தொண்டை. கொழுந்தன் துள்ளியதில் தலைக்கு மேல் தொங்கிய சேணம் ஆடியது.

“அன்னிக்குக் குதிரைக்கு இதை மாட்டினது நீங்கதானே?” அண்ணி திரும்பாமலே கேட்டாள்.

“ஆமா, நான்தான். நூல் கட்டி வந்த கடிவாளம். வாங்கினேன், மாட்டினேன்.”

“பிட்டைப் பாத்தீங்களா?”

“நூல் இருந்தா எதுக்குங்க பாக்கணும்? பரிசோதகர் ஒவ்வொண்ணாப் பாத்துத்தானே நூல் கட்டறாங்க? நூலைப் பாத்தாப் போதும், பிட்டை யாரும் பாக்கமாட்டோம். எங்க வழக்கமே அதுதான்.”

சொல்லிக்கொண்டே கிட்டே வந்தவர் நின்றுவிட்டார். கடிவாளத்தைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“எந்த முட்டாள் இதை இப்படித் திருப்பி மாட்டினது?”

“என்ன திருப்பி?”

“இது நாக்குக்கு ஏத்த மாதிரி வளைஞ்ச பிட்டு. முன்பக்கம் பின்பக்கம் உண்டு. மாறிடக் கூடாதுன்னுதான் ஒரு வளையத்துல மட்டும் அம்பு போட்டிருக்கான். அம்பு இடப்பக்கம் இருக்கணும். இது வலப்பக்கம் இருக்கு. எங்க லாயத்துல சாணி அள்ளற ஆள்கூட இந்தத் தப்பைப் பண்ணமாட்டான்!”

கொழுந்தனுக்குப் பளிச்சென்றது. “அப்போ குதிரையைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஆளு பண்ணினது! என்னை மாதிரி!” என்றான். சொன்ன பிறகுதான் தன்னையே மாட்டிவிட்டுக்கொண்டது உறைத்தது. “உதாரணத்துக்குச் சொன்னேன்.”

“அன்னிக்கு மிளகைப் பிடிச்சுக் கட்டினது யாரு?” என்றாள் அண்ணி.

“யாருன்னு யாரு பாத்தா? அந்தப் பொண்ணு பேச்சுமூச்சில்லாமக் கிடக்கு. எல்லாரும் அவகிட்ட ஓடினோம். திரும்பி வந்தப்போ குதிரை லாயத்துல நின்னுச்சு.” கோச்சின் பெரிய தொண்டை இறங்கிப்போயிற்று. “ராசியில்லாத குதிரைங்க. முன்னாடி வெளியூர்ப் போட்டிக்கு இவளை இரவல் வாங்கிட்டுப் போன ஒரு பையனையும் தள்ளியிருக்கா. அப்போ விசாரணை வச்சாங்க. அவன் தடை பண்ணின பிட்டைப் போட்டு ஓட்டியிருக்கான், குதிரை மேல தப்பில்லன்னு முடிச்சாங்க. அந்தப் பையன் இன்னும் படுத்த படுக்கைதான்.”

பரிசோதகரின் மேஜை மைதானத்து வாசலை ஒட்டி, ஒரு குடைக்குக் கீழே இருந்தது. மேஜை மேல் கையுறைப் பெட்டி, சிவப்பு நூல்கண்டு, பிட்டின் தடிமனை அளக்கும் கருவி. ஓட்டி முடித்து வெளியே வரும் குதிரை எதுவானாலும் இந்த வாசலில் நின்று அவளிடம் வாயைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். நரை கலந்த தலை, தொளதொளவென்று ஒரு கோட்டு. ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“ஒருக்களிச்சுப் படுக்க வச்சியா? முதுகுல பவுடர் போட்டியா? சரிம்மா, நான் சாயங்காலம் வந்துடுவேன்.” ஃபோனை வைத்துவிட்டு, “சொல்லுங்க,” என்று இதமாகச் சிரித்தாள். கொழுந்தனுக்கு இந்த இடத்துக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாகக் கொஞ்சம் நிம்மதி வந்தது.

“அந்தப் பொண்ணோட கடிவாளம் இங்க இருக்கா மேடம்?”

“இப்பதான் வாங்கிட்டுப் போச்சு, பாவம். கையெல்லாம் சில்லுன்னு இருந்துச்சு. நல்லாப் பாத்து நூல் கட்டிக் குடுத்திருக்கேன்.”

“வெளிய வந்தப்புறமும் வாய்க்குள்ள விரலை விட்டுப் பாப்பீங்களாமே?” என்றான் கொழுந்தன்.

“ஆமா. குதிரைக்குக் குதிரை புதுக் கையுறை.”

“கையுறை புதுசு சரி. விரல் எல்லாம் பழசுதானே?”

அவள் வாய்விட்டே சிரித்தாள்.

“அன்னிக்கு மிளகோட வாயைப் பாத்தீங்களா?” என்றாள் அண்ணி.

“எங்கங்க? அந்தப் பொண்ணு விழுந்த பதட்டத்துல யாருக்குப் பிட்டு ஞாபகம் வரும்?”

“வளையத்துல அம்பு போட்டிருக்கே மேடம், அது எதுக்கு? ஒன்வேயா?” என்று கொழுந்தன் கேட்டு வைத்தான்.

“பக்கம் மாறாம இருக்கறதுக்குத்தான் தம்பி. அம்பு வலப்பக்கம் இருந்தா சரியா மாட்டியிருக்குன்னு அர்த்தம்.”

நன்றி சொல்லிவிட்டு வேலியோரமாக நடந்தார்கள். அந்தப் பக்கம் போட்டிக்கு முன் குதிரைகளை நடத்திச் சூடு பண்ணும் திடலில் தங்கை மிளகின் மேல் உட்கார்ந்து மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். லகான் தொய்ந்தே கிடந்தது. அப்படியும் மிளகு தலையைத் தலையை உதறியது. வாயைத் திறந்து திறந்து மூடியது.

“பயத்துல இருக்கு போல,” என்றான் கொழுந்தன். “எனக்கு அந்தக் கோச் மேலதான் அண்ணி சந்தேகம். அம்பு இடப்பக்கம்னு அடிச்சுச் சொன்னாரு. இந்தம்மா வலப்பக்கம்ங்கறாங்க. பொய் சொன்னவரு மாட்டிக்கிட்டாரு பாத்தீங்களா?”

அண்ணியின் நடை நின்றது.

“யாரும் பொய் சொல்லலை தம்பி.”

“ஒரே அம்பு ரெண்டு பக்கமும் எப்படி இருக்கும்?”

“ஸ்கூல்ல டிரில் கிளாஸ்ல உங்களுக்கு எதிர்ல நின்னு ‘இடது கையைத் தூக்கு’ன்னு சொல்லுவேனே, அப்போ நான் எந்தக் கையைத் தூக்குவேன்?”

“வலது கையை. நாங்க உங்களைப் பாத்துத்தானே தூக்கணும்?”

“அதேதான். குதிரைக்கு மேல உக்காந்து ஓட்டறவங்க, பக்கத்துல நின்னு மாட்டறவங்க எல்லாரும் குதிரை பாக்கற பக்கமாத்தான் பாக்கறாங்க. அவங்களுக்கு அம்பு இடப்பக்கம். எதிர்ல நின்னு குதிரை மூஞ்சியவே நாள் பூராப் பாக்கறவங்களுக்கு மட்டும்தான் அது வலப்பக்கம். கோச் சொன்ன முட்டாள் குதிரை தெரியாத ஆள் இல்ல. குதிரையை எதிர்ல நின்னே பாத்துப் பழகின ஆள். வெறும் கடிவாளத்தைக் கையில வச்சு அவசரமா மாட்டினப்போ, கண்ணுக்குப் பழகின பக்கத்துல அம்பை வச்சுட்டாங்க.”

 கொழுந்தன் மெல்லத் திரும்பிப் பார்த்தான். குடைக்குக் கீழே அந்த அம்மாள் பெட்டியிலிருந்து புதுக் கையுறை ஒன்றை எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டிருந்தாள்.

“நூல் கட்டறதும் அவங்க. வாசல்ல நிக்கறதும் அவங்க,” அண்ணியின் குரல் வற்றிப்போயிருந்தது. “அன்னிக்கு எல்லாரும் பொண்ணுகிட்ட ஓடினப்போ, வெளிய வந்த குதிரையைப் பிடிச்சது அவங்களாத்தான் இருக்கணும். அவங்க குதிரையைப் பிடிச்சா யாரு கவனிப்பா? அவங்க வேலையே அது. அந்தப் பொண்ணு கடிவாளத்தை அங்க குடுத்து வைக்கச் சொன்னது யாரு தெரியுமா? நான். நானே தூக்கிக் குடுத்துட்டேன் தம்பி.”

அண்ணி பயந்து அவன் பார்த்ததே கிடையாது. இப்போது பார்த்தான். 

மணி அடித்தது.

மைதானம் கப்சிப் என்றாகிவிட்டது. டிரெஸ்ஸாஜ் நடக்கும்போது யாரும் இருமக்கூட மாட்டார்கள். முழங்கால் உயர வெள்ளை வேலிக்கு அந்தக் கோடியில் மிளகு திரும்பியது. தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். இனி நேர்கோட்டில் உள்ளே வருவாள், நடுவில் நிறுத்துவாள், நிறுத்துவதற்கு லகானை இழுப்பாள்.

“கத்தட்டுமா அண்ணி?”

“கத்தினா குதிரை மிரளும். மிரண்டா இழுப்பா.”

“நடுவர்கிட்ட ஓடிப் போய்...”

“எதிர்க்கோடியில இருக்காங்க. நீ போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சுடும்.”

“அப்போ என்னதான் பண்றது?”

அண்ணி வேலியைப் பார்த்தாள், ஆபரேஷன் பண்ணின தன் முழங்காலைப் பார்த்தாள், அப்புறம் அவனைப் பார்த்தாள்.

“வேணாம் அண்ணி. எனக்குக் குதிரைன்னா...”

“தெரியும்டா. போ. ஓடாதே, நட. நீயும் லகானைத் தொடாதே, அவளையும் இழுக்க விடாதே.”

எப்படி வேலியைத் தாண்டினான் என்று கேட்டால் இன்றைக்கும் அவனால் சொல்ல முடியாது. காலுக்குக் கீழே மணல் இருந்தது, அது மட்டும் நிச்சயம். பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரின் கண்ணும் முதுகில் குத்தியது. எவனோ ஒரு பைத்தியக்காரன் உள்ளே நுழைந்துவிட்டான் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவனுக்கும் அதே அபிப்பிராயம்தான். நடு மைதானத்தில் போய் நின்றான். நிமிர்ந்து பார்த்தான்.

மிளகு அவனை நோக்கி வந்துகொண்டிருந்தது. தூரத்தில் அழகாகத் தெரிந்த மிருகம் கிட்டே வர வரச் சுவராக வளர்ந்தது. மூச்சு புஸ் புஸ்ஸென்று கேட்டது. அதற்கு மேலே தங்கையின் முகம். அவள் அவனைப் பார்த்துவிட்டாள். கண் அகன்றது. முழங்கை பின்னால் போயிற்று.

ஐயோ! எதிரில் ஆள் வந்து நின்றால் யாராக இருந்தாலும் பிரேக்கைத்தானே தேடுவார்கள்? அவளுக்குப் பிரேக் லகான். அவளை இழுக்க வைக்கப் போவதே தான்தான் என்பது கொழுந்தனுக்கு அப்போதுதான் உறைத்தது. விலகி ஓடலாம் என்றால் காலும் கேட்கவில்லை. மிளகின் வாய் திறந்தது. கழுத்து மேலே எழும்ப ஆரம்பித்தது.

“தங்கச்சி.” குரல் எங்கிருந்தோ வந்தது. கோழிக்குஞ்சின் குரல். “கையை விட்டுடு. இழுக்காதேம்மா. உங்க அக்கா இழுத்தா. நீ விட்டுடு.”

ஓடி வரும் குதிரையின் மேல் உட்கார்ந்துகொண்டு லகானை விடு என்றால் யார் விடுவார்கள்? தங்கை அவனையே பார்த்தாள். பற்களைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் விரல்களைத் திறந்தாள்.

லகான் தொப்பென்று குதிரையின் கழுத்தில் விழுந்தது. எழும்பிய தலை தாழ்ந்தது. மிளகு கொஞ்சம் குழம்பியது, நடைக்கு வந்தது, பிறகு அவன் சட்டைப் பொத்தானில் மூக்கு இடிக்கும்படி நின்றுவிட்டது. வாயோரத்து நுரையில் ஒரு சிவப்பு இழை. கொழுந்தன் இரண்டு கையாலும் கடிவாளத்தின் மூக்குப்பட்டையைப் பிடித்துக்கொண்டான்.

நடுவர் எழுந்து நின்று ஏதோ கேட்டார்.  அதற்குள் வாசல் பக்கமிருந்து பரிசோதகர் அம்மாள் மணலில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். கையுறை போட்ட கையை நீட்டியபடி, அதே இதமான சிரிப்போடு.

“பயந்துட்டீங்களா? விடுங்க தம்பி, நான் கூட்டிட்டுப் போறேன். எனக்குப் பழக்கம்தானே?”

ஓடி வந்த காவலாளிகள் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். குதிரை அவள் கைக்குப் போவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. கொழுந்தனுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

“குடுக்கமாட்டேன்,” என்றான்.

“அது உங்களை உதைச்சுடும் தம்பி.”

“உதைச்சா உதைக்கட்டும் மேடம்.”

முழங்காலைப் பிடித்துக்கொண்டு அண்ணி வந்து சேர்ந்தாள். கையோடு கோச்சையும் இழுத்து வந்திருந்தாள். “கடிவாளத்தைக் கழட்டுங்க கோச். இங்கயே, எல்லார் எதிர்லயும்.”

தங்கை வழுக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். கொழுந்தன் மூக்குப்பட்டையை விடாததால் கோச் அப்படியே கழற்றி, பிட்டை மட்டும் தூக்கிப் பிடித்தார். நடுவில் பருப்பு இல்லை. சாய்வாக ஒரு தகடு, அதன் விளிம்பில் ரத்தம். பக்கத்திலேயே சிவப்பு நூல் தொங்கியது.

“இது எங்க பிட்டே இல்ல,” என்றார் கோச். 

“உங்க பிட்டு இந்தம்மாவோட கோட்டுப் பையில இருக்கு. அந்தப் பக்கம் எப்படித் தொங்குது பாருங்க,” என்றாள் அண்ணி. “குதிரை வெளிய வந்ததும் திரும்ப மாட்டறதுக்கு.”

பரிசோதகர் ஓடவில்லை, மறுக்கவும் இல்லை. கையுறையைக் கழற்றினாள். சிரிப்பு அத்தோடு போய்விட்டது.

“இவ என் பையனைத் தள்ளினவ,” என்றாள். “அவன் இடுப்புக்குக் கீழ அசையலை. குதிரை மேல தப்பில்ல, உங்க பையன் போட்ட பிட்டு மேலதான் தப்புன்னு சொல்லி, இதை ஒரு கவர்ல போட்டு என் கையில குடுத்து அனுப்பினாங்க. ஒரு இரும்புத் துண்டுக்காக எந்தக் குதிரையாவது ஆளைத் தள்ளுமா? இவ குணமே அது. எல்லார் கண்ணும் பாக்கணும்னு நெனச்சேன். பாத்தா ஊசி போடுவாங்க.”

“அதே பிட்டைத்தானே போட்டீங்க?” அண்ணி குரலை உயர்த்தவே இல்லை. “நல்ல பிட்டு போட்டுத்தான் இவங்க அக்கா வருஷக்கணக்கா ஓட்டினா. அப்போ இவ யாரையாவது தள்ளினாளா?”

 அந்த அம்மாள் கோச்சின் கையில் தொங்கிய தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்கப் பார்க்க முகம் கலங்கியது.

“நான் வேணாம்னுதான் சொன்னேன்,” என்றாள் யாரிடமோ. “அந்தப் பிட்டைப் போடாதேடான்னு சொன்னேன். கேக்கலையே.”

“எங்க அக்கா இன்னும் கண்ணைத் திறக்கலை மேடம்,” என்றாள் தங்கை. கத்தவில்லை. விவரம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். சொல்லிவிட்டு மிளகின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அந்த அம்மாளைக் காவலாளிகள் கூட்டிக்கொண்டு போனார்கள். நடுவர் தங்கையின் தோளில் கை வைத்து, குதிரைக்கு ஒன்றும் ஆகாது, கமிட்டியில் நானே பேசுகிறேன் என்றார். கழற்றின கடிவாளத்தின் மூக்குப்பட்டையைக் கொழுந்தன் இன்னும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் நின்றான். கோச் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. கடைசியில் அண்ணி வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

“பயம் போயிடுச்சா தம்பி?”

“இல்ல அண்ணி,” என்றான் அவன், பல் கிடுகிடுக்க. “இப்பதான் வருது.”